சுவர் விளிம்பில் வெள்ளி

பழி வாங்கியதைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து டீ போடப் போகலாம். மற்றவர்கள், அதாவது ஐம்பதைத் தாண்டியும் யாரோ ஒருத்தர் மேல் இருக்கிற ஆத்திரத்தை பிரஷர் மாத்திரையோடு சேர்த்துத் தினமும் விழுங்குகிற என் வயதுக்காரர்கள், இப்படி நெருங்கி உட்காருங்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

என் வலது கண்ணின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இடது கண்ணை மூடிக்கொண்டு உங்களைப் பார்த்தால் உங்கள் காது தெரியும், தலைமுடி தெரியும், சட்டைக் காலர் தெரியும். முகம் இருக்கிற இடத்தில் மட்டும் சாம்பல் பூசின மாதிரி ஒரு மங்கல். பதினோரு வயதிலிருந்து இப்படித்தான். இதற்குக் காரணம் என் பெரியப்பா. கண்ணைக் கெடுத்துவிட்டு, நானே கெடுத்துக்கொண்டேன் என்று குடும்பத்தையே நம்ப வைத்தவரும் அவர்தான். முதலாவதையாவது மன்னித்துத் தொலைத்திருப்பேன்.

அப்போது நாங்கள் விவேக் நகரில், சர்ச்சுக்குக் கொஞ்சம் தள்ளி, பெரியப்பாவின் வீட்டில் இருந்தோம். முன்பக்கம் அவர்கள், பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள். பெரியப்பா அரசாங்க ஆபீசில் சூப்பரின்டெண்டன்ட். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். அண்ணன் தயவில் ஒண்டியிருக்கிறோம் என்கிற நினைப்பு அப்பாவை விட்டு ஒரு நாளும் போனதில்லை. முன்பக்கத்திலிருந்து குரல் வந்தால் சோற்றுத் தட்டில் கையை உதறிவிட்டு எழுந்து ஓடுவார்.

பெரியப்பாவிடம் ஒரு டெலஸ்கோப் இருந்தது. சிவாஜி நகரில் பழைய சாமான் கடையில் கிடைத்த, ராணுவத்தார் கழித்துப் போட்ட லென்ஸ். அதற்கு அளவாக ஒரு அலுமினியக் குழாய், லேத் பட்டறையில் கடைந்த பித்தளைத் திருகு, மரக்கட்டையில் முக்காலி. லென்ஸுக்கு மூடி, பால் பவுடர் டப்பாவின் தகர மூடி. சொல்லிச் செய்த மாதிரி கச்சிதமாக உட்காரும். அதை எடுக்கும்போது 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் நானும் அண்ணனும் எந்த விளையாட்டிலிருந்தும் மாடிக்கு ஓடுவோம். அண்ணன் என்று சொல்வது பெரியப்பாவின் மகனை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன்.

டெலஸ்கோப் என்றதும் ராத்திரி, நட்சத்திரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரியப்பா ஒன்பது மணிக்குக் குறட்டை விடுகிறவர். அவருடைய ஆகாயம் பகல் ஆகாயம். ஞாயிற்றுக்கிழமை சூரியன். குழாயைச் சூரியனுக்கு நேராகத் திருப்ப யாரும் சூரியனைப் பார்க்கக் கூடாது. தரையில் விழும் குழாயின் நிழலைப் பார்க்க வேண்டும். நீட்டமாகக் கிடக்கிற நிழல் சுருங்கிச் சுருங்கி வட்டமாகிற நேரத்தில், கண் வைக்கிற முனையிலிருந்து வெளிச்சம் பீறிட்டு வரும். அதை அண்ணன் ஒரு வெள்ளை அட்டையில் பிடிப்பான். நான் அட்டைக்கு மேல் கறுப்புக் குடையைச் சாய்ப்பேன். அட்டையில் தோசை அளவுக்கு சூரியன். அதன் மேல் கடுகு சிதறின மாதிரி கரும்புள்ளிகள். சூடேறிய கறுப்பு பெயின்ட்டின் வாசனையும், அக்கம்பக்கத்து வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசனையும் ஒன்றாக வரும். இன்றைக்கும் எங்காவது கறி தாளிக்கிற வாசனை வந்தால் எனக்குக் கண் கூசுகிறது.

பட்டப்பகலில் வெள்ளிக் கிரகம் தெரியும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். அந்த வருஷம் பங்குனி வெயிலில், மத்தியானத்துக்கு மேல், மாடிப்படி அறையின் சுவருக்குக் கிழக்கே முக்காலியைப் போட்டார். சூரியன் சுவருக்கு அந்தப் பக்கம், நாங்கள் நிழலில். சுவரின் உச்சிக்கு மேலே நீல வானத்தில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் இருக்காது. குழாய்க்குள் பார்த்தால் வெட்டிப்போட்ட நகம் போல வெள்ளி. பிறை நிலாவைப் போலத்தான், ஆனால் பொடிசு.

ஆகாயம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்த நகம் சீக்கிரமே கண்ணை விட்டு நழுவிவிடும். அதற்குப் பெரியப்பா ஒரு வழி வைத்திருந்தார்.

"காணாமப் போச்சுன்னா பதறாத. சுவரு விளிம்புல ஆரம்பி. அங்கருந்து மெதுவா மேல போ. தானா வந்து மாட்டும்."

நான் அதில் கெட்டிக்காரி ஆனேன். அண்ணன் தடவிக்கொண்டே இருப்பான். நான் விளிம்பில் தொடங்கி இரண்டு இழுப்பில் பிடித்துவிடுவேன். "உன் பொண்ணு கையில வெள்ளி ஓடி வருதுடா" என்று பெரியப்பா அப்பாவிடம் சொன்னார். அன்று ராத்திரி அப்பா எனக்கு மசாலா பூரி வாங்கி வந்தார். தன் அண்ணனிடம் பாராட்டு வாங்கித் தந்த மகள் என்று அவருக்கு அவ்வளவு பெருமை.

பிறகு வெள்ளி சூரியனோடு ஒட்டிப்போய்க் கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை. பரீட்சை முடிந்து லீவு விட்ட சமயத்தில், சூரியனுக்கு மறுபக்கமாக வெளியே வந்தது. சாயங்கால வெள்ளி இப்போது விடிவெள்ளி. இதை ஆபீசில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருப்பார் போல. அவருடைய மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. பெரியப்பாவுக்கு அந்த வருஷம் ப்ரமோஷன் பாக்கி இருந்தது. வீட்டில் வெள்ளிக்கிழமையிலிருந்தே ஆபீசருக்குக் கேசரி பாத் கிண்டுகிற பேச்சு.

அன்று காலை முக்காலியை மாடிப்படி அறையின் மேற்குப் பக்கத்தில் போட்டார். அதே சுவர், இந்தப் பக்கம். சூரியன் கிழக்கே சுவருக்குப் பின்னால், நாங்கள் நிழலில். எல்லாம் பழைய மாதிரியே தெரிந்தது. வெள்ளியைப் பிடித்து வைத்தார். கீழே கார் சத்தம் கேட்டது.

"நீ பாத்துக்கோ. விட்டுடாத. ஆபீசர் ஏறி வர்றப்போ வெள்ளி ரெடியா இருக்கணும்" என்று என்னிடம் சொன்னார்.

"காணாமப் போனா, பெரியப்பா?"

"அதான் சொல்லியிருக்கேனே. விளிம்புல ஆரம்பி."

சொல்லிவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். நானும் அண்ணனும் மட்டும் மாடியில். கீழே டம்ளர் சத்தமும் ஆபீசரின் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. காப்பி ஒரு யுகம் நீண்டது. நான் குழாயை விரல் நுனியால் தள்ளித் தள்ளி வெள்ளியைக் காத்தேன். அண்ணன் "எனக்குக் குடுடி" என்று தோளை இடித்தான். வெள்ளி போய்விட்டது. சொன்னபடி விளிம்பில் ஆரம்பித்தேன்.

என் முகத்தில் வெயில் படவில்லை, அதைக் கவனியுங்கள். நான் தாழ உட்கார்ந்திருந்தேன், நிழலுக்குள். குழாயின் மேல் முனை என் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. சுவரைத் தாண்டி ஏறிய சூரியன் முதலில் அந்த முனையைத்தான் தொட்டது. ஒரு வெள்ளை. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அண்ணன் என்னவென்று பார்க்க, கண் வைக்கிற முனைக்குக் குறுக்கே உள்ளங்கையை நீட்டினான். "அம்மா" என்று கத்திக் கையை உதறினான். உள்ளங்கை நடுவில் மிளகு அளவுக்கு வெந்திருந்தது.

எனக்கு வலிக்கவே இல்லை. கண்ணுக்குள் சுட்டால் வலிக்காதாம், பின்னால் டாக்டர் சொன்னார். வலித்திருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள்.

பெரியப்பா ஏறி வந்தார். பின்னால் ஆபீசர், அவருக்குப் பின்னால் அப்பா, கையில் தட்டு. "ஏன்ரீ, சுக்ர காணிஸ்தானா?" என்று ஆபீசர் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே வந்தார், வெள்ளி தெரிகிறதா என்று. நான், "பெரியப்பா, கண்ணுல வெளிச்சமா அடிச்சிருச்சு, ஒண்ணும் தெரியல" என்றேன். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. குழாயின் முனையைப் பார்த்தார். அதில் பட்டிருந்த வெயிலைப் பார்த்தார். சுவரின் விளிம்பைப் பார்த்தார். அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு தகர மூடியை எடுத்து லென்ஸில் அழுத்தி வைத்தார்.

"சூரியன் பக்கம் திருப்பிட்டியா? தொடாதேன்னு சொல்லிட்டுத்தானே கீழ போனேன்" என்றார்.

"நீங்கதான் விளிம்புல..."

"பாத்தீங்களா சார், எதிர்த்துப் பேசறத? பசங்களை நம்பி ஒரு பொருளை வெச்சுட்டுப் போக முடியல."

அப்பா தட்டைக் கீழே வைத்தார். நிதானமாகத்தான் வைத்தார், ஒரு சொட்டு காப்பி சிந்தவில்லை. பிறகு என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததே இல்லை. அண்ணனிடம் கேட்டார், "உங்கப்பா தொடாதேன்னு சொன்னாரா, இல்லையா?" அண்ணன் வெந்த கையை டவுசர் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். ஆமாம் என்று. ஆபீசர் "சின்னப் பொண்ணு, விடுங்க, விடுங்க" என்றார். பெரியப்பா காப்பியை எடுத்துக் குடித்தார்.

கண்ணில் ஏதோ மறைக்கிறது என்று நான் சொன்னபோதெல்லாம் நடிக்கிறாள் என்றார்கள். கண்ணில் தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்று அம்மா பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அதோடு சரி. பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஒரு கண்ணைப் பொத்தினால் எனக்குக் கரும்பலகையில் பாதி எழுத்து தெரியவில்லை என்று டீச்சர் கண்டுபிடித்துச் சொல்லி, பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர், "சூரியனைப் பாத்தியா?" என்றார். என் பதிலுக்கு முன்னால் அப்பா சொன்னார்: "சொன்ன பேச்சு கேக்காது சார் இது."

மாடிக்கு வரக் கூடாது என்று எனக்குத் தடை போட்டார்கள். தடை வந்த மறுநாளே ஏறிப்போய் அந்தத் தகர மூடியைத் திருடிவிட்டேன். பெரியப்பா வீடு முழுக்கத் தேடினார். நான் அதை என் பாவாடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

பெரியப்பா இதை வேடிக்கைக் கதையாக்கினார். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, எங்கே சொந்தம் கூடினாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். "இவதான் எங்க வீட்டுல கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்பார். பந்தியே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார், தன் அண்ணனுக்காக. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இந்தக் கதை எங்களுக்கு முன்னாலேயே போய் அங்கே உட்கார்ந்திருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் பேச ஆரம்பித்ததும் இடது கண்ணை மெல்ல மூடிக்கொள்வேன். சந்தனப் பொட்டு, மூக்குக் கண்ணாடி, பல் எல்லாம் போய்விடும். வேட்டி கட்டின ஒரு சாம்பல் உருண்டை நின்று ஜோக் அடிக்கும். அவர் கொடுத்த ஓட்டையிலேயே அவரைப் போட்டு மூடுவேன். எத்தனையோ விசேஷங்களை இப்படித்தான் கடந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷம் நானே அதை நம்பினேன். எல்லாரும் ஒரே கதையைச் சொன்னால், பதினோரு வயதில் பார்த்தது என்ன பெரிய சாட்சி? நாமே எதையோ தப்பாகத் திருப்பியிருப்போம் என்று இருந்துவிட்டேன். அப்பாவும் அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் தலையணையில் இருந்தபடியே, "அன்னிக்கு மட்டும் நீ பெரியப்பா பேச்சைக் கேட்டிருந்தா" என்றார். நான் பெரியப்பா பேச்சைத்தானே கேட்டேன்.

மகன் வேலைக்குப் போய் வீடு வெறிச்சோடிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சூரியன் பார்க்கிற ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். இப்போது அட்டையும் குடையும் குறைவு. குழாயின் முன்முனையில் வெள்ளித்தாள் மாதிரி ஒரு வடிகட்டியை மாட்டிவிட்டு நேராகவே பார்க்கிறார்கள். குறி பார்க்க மேலே ஒட்டியிருக்கும் சின்னக் குழாயையும் மறக்காமல் மூடி வைப்பார்கள், இல்லாவிட்டால் தலைமுடி பொசுங்கும். ஒரு நாள் அங்கே ஒரு பெண், என் மகன் வயது, புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சாயங்கால வெள்ளி சூரியனுக்குப் பின்னாடி வரும். அப்போ சுவர் மறைவு சேஃப், சூரியன் இன்னும் இன்னும் கீழ போயிடும். விடிவெள்ளி முன்னாடி போகும், சூரியன் அதைத் துரத்திட்டே மேல ஏறும். அப்போ சுவர் பக்கமே போகாதீங்க. விளிம்புல எந்த செகண்டு வேணும்னாலும் வந்துடும்."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அடுப்பைப் பற்ற வைக்காமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்துக்கு வைத்திருந்த வழியைக் காலைக்கும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். சூரியனை விழுங்குகிற சுவர் என்று நினைத்து, அதைக் கக்குகிற சுவருக்கு முன்னால் என்னை உட்கார வைத்துவிட்டு ஆபீசருக்குக் கேசரி பாத் வைக்கப் போயிருக்கிறார். மேலே வந்து விளிம்பைப் பார்த்த அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தொண்டை ஏறி இறங்கியதற்கு அர்த்தம் அதுதான். அந்த நாளுக்குப் பிறகு அவர் காலையில் வெள்ளி பார்த்ததே இல்லை, அதுவும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

போய் நாலு கேள்வி கேட்டிருக்கலாம்தான். "வயசாச்சு, ஞாபகமில்ல" என்பார், கதை முடிந்துவிடும். எனக்கு அவர் வாயாலேயே வேண்டும், கூட்டத்தில் வேண்டும். வெள்ளிக்கு ஒரு குணம் உண்டு. எட்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஏறக்குறைய அதே மாதத்தில், சூரியனுக்குப் பக்கத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்கும். நான் காத்திருந்தேன். நான் திருடி வைத்திருந்த அந்தத் தகர மூடிக்கு அளவாக ஒரு குழாயையும் தேடி வாங்கினேன். பெரியப்பாவும் எனக்காகவே உயிரோடு இருந்தார், தொண்ணூறை நெருங்கி, காது கண் எல்லாம் தெளிவாக.

இந்த வருஷம் கோடையில் ஈஜிபுராவில் எங்கள் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சூரியன் பார்க்க எல்லாரையும் அழைத்தேன். சிறப்பு விருந்தினர் பெரியப்பா. அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, குடும்ப வாட்ஸப்பில் படம் போட்டுத் தள்ளினான். சொந்தக்காரர்கள் வந்தார்கள், சூரியன் கூட்டத்து ஆட்கள் வந்தார்கள். அம்மாவுக்கு நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி. பெரியப்பாவுக்குச் சால்வை போட்டோம். கேசரி பாத் நானே செய்திருந்தேன்.

மற்றவர்கள் பார்க்க வடிகட்டி மாட்டின டெலஸ்கோப் வெயிலில் இருந்தது. என் குழாயை மாடிப்படி அறைக்கு மேற்கே, நிழலில் வைத்திருந்தேன். சூரியன் சுவர் விளிம்புக்குச் சற்றுக் கீழே. நான் கொலைகாரி இல்லை, பயப்படாதீர்கள். லென்ஸில் அந்தத் தகர மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. நிழலில், அவர் உட்காருகிற இடத்திலிருந்து அது கண்ணில் படாது.

"பெரியப்பா, வெள்ளியை நீங்கதான் முதல்ல பிடிச்சுக் குடுக்கணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "விளிம்புல ஆரம்பிக்கணும், இல்லையா?"

சிரித்துக்கொண்டே குழாயில் கை வைத்தார். பழக்கம், கை தானாகப் போயிற்று. கண்ணை வைப்பதற்கு முன்னால் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். விளிம்பில் வெளிச்சம் கோடு கட்டத் தொடங்கியிருந்தது. கையை எடுத்துவிட்டார்.

"இந்தப் பக்கம் வேணாம்மா."

"ஏன் பெரியப்பா? நிழல்தானே?"

"வெயில் ஏறி வருது. வெள்ளி முன்னாடி போவுது, சூரியன் பின்னாடியே வரும். இந்நேரத்துல விளிம்புல தேடினா கண்ணு போயிடும். ஸ்டாண்டை எடுங்கப்பா."

"சார் கரெக்டா பிடிச்சுட்டாரு பாருங்க, இந்த வயசுலயும்" என்று ஒருவர் கை தட்டினார். இன்னும் சிலர் தட்டினார்கள். தட்டி முடிக்கட்டும் என்று நின்றேன்.

"அன்னிக்கு விவேக் நகர் மாடியில என்னை எந்தப் பக்கம் உக்கார வெச்சீங்க?"

அண்ணன் வேகமாக வந்தான். "ஏய், விடு. இப்போ எதுக்கு அது? எல்லாரும் இருக்காங்க."

"அப்பவும் எல்லாரும் இருந்தாங்க அண்ணா. நீயும் இருந்த. கையை விரி, காட்டு."

அவன் விரிக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் கை பாக்கெட்டுக்குள்தான் போயிற்று.

பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். சூரியன் சுவரைத் தாண்டியது. குழாயின் முனையில் தகரம் பளிச்சென்றது. அதைப் பார்த்தார், தன் பழைய மூடி என்று அடையாளம் தெரிந்துகொண்டார். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

"தெரியாமத்தான் வெச்சேன். மேல வந்து பாத்தப்போதான் புரிஞ்சுது" என்றார்.

"நான் தொட்டேனா?"

"நான்தான் தேடச் சொன்னேன். விளிம்புல."

"புரிஞ்சப்புறம் ஏன் சொல்லல?"

அவரிடமிருந்து வந்தது இவ்வளவுதான்: "ஆபீசர் நின்னுட்டிருந்தாரேம்மா."

நான் இடது கண்ணை மூடவில்லை. இரண்டையும் திறந்து வைத்து அந்த முகத்தை முழுசாகப் பார்த்தேன். அண்ணன் அவரைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துப் போனான். சால்வை நாற்காலியிலேயே கிடந்தது. பழி ருசித்ததா என்று கேட்பீர்கள். ருசித்தது. அப்பா இருந்து கேட்டிருந்தால் இன்னும் ருசித்திருக்கும்.

எல்லாரும் போன பிறகு குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெயில் அவள் காலுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் கேட்டாள்.

"எந்தக் கண்ணுடி?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பெற்றவளுக்கு இதுவரை எந்தக் கண் என்றே தெரியாது. அவள் கேட்டதில்லை. பக்கத்தில் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்து வலது கண்ணைத் தொட்டுக் காட்டினேன். அம்மா தன் கையாலேயே என் இடது கண்ணை மூடினாள். குனிந்து முகத்தை எனக்கு நேரே கொண்டுவந்தாள். காதோரத்து நரைமுடி தெரிந்தது, புடவைத் தலைப்பு தெரிந்தது.

"நான் தெரியறேனா?" என்றாள்.

தெரிகிறாய் என்று சொல்லியிருக்கலாம். எண்பது வயதுக்காரி. ஆனால் அன்றைக்கு நான் யாரையும் விடுவதாக இல்லை.

"இல்லம்மா" என்றேன்.